வில்லையும் விளைந்த ஊரும்

காமிரா வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. 'இதன் லென்ஸ் எந்த நாட்டில் செய்தது?' என்பதே அது. வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொறித்திருக்கும் நாட்டின் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே பலர் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். ஜெர்மனி என்றிருந்தால் முகம் மலர்கிறது. ஜப்பான் என்றிருந்தால் மனம் அமைதி கொள்கிறது. தாய்லாந்து என்றோ சீனா என்றோ இருந்தால் ஐயம் பிறக்கிறது. பழைய காமிராக்களை விற்கும் இடங்களிலும் இதே நிலைதான். ஒரே பெயரும் ஒரே அமைப்பும் உடைய இரண்டு வில்லைகளுள் ஒன்றில் ஜெர்மனியின் பெயரும் மற்றொன்றில் ஜப்பானின் பெயரும் இருந்தால், முன்னதற்கு விலை மிகுந்துவிடுகிறது.

இந்த விருப்பு வெறுப்புகளுக்கு அடிப்படை உண்டா? ஒரு வில்லையின் தரம் அது பிறந்த ஊரைப் பொறுத்ததா? இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. ஆயினும் வில்லைத் தொழிலின் வரலாறே இதனைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. ஒரே வரைபடத்தைக் கொண்டு வெவ்வேறு நாடுகளில் வில்லை செய்ய நேர்ந்த நிகழ்ச்சிகள் பல உண்டு. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் விடை தானாகவே தெளிவாகும்.

முதலில், காமிரா லென்ஸ் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். வெளியிலிருந்து பார்க்கையில் ஒரே கண்ணாடியாகத் தோன்றினாலும், அது உண்மையில் பல வில்லைகளின் தொகுதியாகும். அதில் நான்கு வில்லைகளும் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம். அவற்றுள் சில குவிந்தவை, சில குழிந்தவை. ஒன்றனால் விளையும் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமாறு அவை அடுக்கப்பெற்றிருக்கின்றன. இத்தொகுதி நன்கு அமைவதற்கு நான்கு வேண்டும். அவை கண்ணாடி, கணக்கு, கைத்திறன், சோதனை என்பன.

சன்னலில் பதிக்கும் கண்ணாடி காமிராவுக்கு உதவாது. ஒளிக்கதிர் எங்கும் ஒரே அளவில் வளைந்து செல்ல வேண்டுமாயின், கண்ணாடி முழுவதும் ஒரே தன்மையாக இருத்தல் வேண்டும். நீரில் சர்க்கரை கரையும்போது இழை இழையாகத் தோன்றுகிறதன்றோ? அத்தகைய இழைகள் அதனுள் இருத்தல் ஆகாது. ஆதலின், உருகிய கண்ணாடியை மூசையில் இடைவிடாது கலக்குவர். பின்னர் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், மெல்ல மெல்ல ஆறவிடுவர். விரைந்து ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். ஒவ்வொரு வகைக் கண்ணாடிக்கும் ஒளியை வளைக்கும் அளவு ஒன்றுண்டு. நிறங்களைப் பிரிக்கும் அளவும் ஒன்றுண்டு.

இவ்வளவுகளைக் கைக்கொண்டே கணித வல்லுநர் ஒவ்வொரு வில்லையின் வளைவையும், கனத்தையும், வில்லைகளுக்கு இடையே இருக்கவேண்டிய தொலைவையும் கணக்கிடுகின்றனர். கண்ணாடியின் தன்மை சற்று மாறினாலும் கணக்கைத் திருத்தியாக வேண்டும். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர்ப் பயன்படும்.

கணக்கின்படி கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றுவது கைத்திறன். மெருகேறிய பரப்பு சரியாக வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சாதாரண அளவுகோல் போதாது. அதே வளைவில் மிகத் திருத்தமாகச் செய்து வைத்துள்ள சோதனைக் கண்ணாடி ஒன்றை அதன்மேல் பொருத்துவர். இரண்டுக்கும் இடையே சிக்கிய மெல்லிய காற்றுப் படலத்தினால் நிற வளையங்கள் தோன்றும். இவற்றை நியூட்டன் வளையங்கள் என்பர். ஒரு வளையம் மிகுதியாகத் தோன்றினால், ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் பங்காக்கி அவற்றுள் ஏறக்குறைய மூன்று பங்கு பிழை உண்டென்று பொருள். இது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்கு. இவ்வாறு முடித்த வில்லைகளை ஒரே அச்சில் நேராக நிறுத்துவது அடுத்த வேலை. ஒரு வில்லை சற்றே சாய்ந்தாலும், படத்தின் ஒரு மூலை தெளிவாகவும் எதிர் மூலை மங்கலாகவும் அமைந்துவிடும்.

நான்காவது சோதனை. செய்து முடித்தவற்றுள் எவை தேறின, எவை தேறவில்லை என்று பிரித்து, தேறாதவற்றைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய ஒவ்வொன்றும் நட்டம். எவ்வளவு நட்டத்தை ஏற்பது என்று நிறுவனம் முடிவு செய்கிறது. அம்முடிவே வாங்குவோர் கைக்கு வரும் வில்லையின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது.

இந்நான்கும் ஓர் ஊரின் மண்ணிலோ நீரிலோ விளைவன அல்ல. நெல்லுக்கும் கரும்புக்கும் நிலத்தின் குணம் உண்டு; வில்லைக்கு அவ்வாறு இல்லை. முற்காலத்தில் பட்டறையின் வெப்பமும் தூசியும் இடையூறு செய்ததுண்டு. மெருகேற்றப் பயன்படும் கீல், வெயிலில் இளகும், குளிரில் இறுகும். இக்காலத்திலோ, வெப்பத்தையும் ஈரத்தையும் தூசியையும் கட்டுக்குள் வைத்த கூடங்களில் வேலை நடைபெறுகிறது. அவ்வாறாயின், சில ஊர்களுக்கு மட்டும் பெரும்புகழ் வந்தது எவ்வாறு? இதற்கு விடையாக யேனா நகரத்தின் கதையைக் கூறலாம்.

யேனா ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழக நகரம். 1846-ஆம் ஆண்டு கார்ல் ஜெய்ஸ் என்னும் கருவி செய்வோர் அங்கே ஒரு சிறு பட்டறையைத் தொடங்கி நுண்ணோக்கிகள் செய்துவந்தார். அக்காலத்தில் வில்லைகளை ஒன்று மாற்றி ஒன்று பொருத்திப் பார்த்து, நன்கு தெரியும் வரையில் முயல்வதே வழக்கம். இம்முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1866-இல் அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் அப்பே என்னும் இயற்பியல் அறிஞரின் துணையை நாடினார். கணக்கு பட்டறைக்குள் நுழைந்தது. சிறிது காலத்திற்குள் கணக்கு கண்ணாடியை முந்திக்கொண்டது. தாம் வேண்டும் தன்மையுள்ள கண்ணாடி உலகில் எங்கும் கிடைக்கவில்லை என்பதை அப்பே உணர்ந்தார். அப்பொழுது ஒட்டோ ஷாட் என்னும் வேதியியல் அறிஞர் வந்து சேர்ந்தார். இவர்கள் கூடி 1884-இல் யேனாவிலேயே ஒரு கண்ணாடி ஆலையை நிறுவினர். போரான், பேரியம் முதலியவற்றைச் சேர்த்துப் புதுவகைக் கண்ணாடிகள் பிறந்தன. அவற்றைக் கொண்டு பால் ருடால்ப் என்பவர் 1890-இல் புதிய காமிரா வில்லை ஒன்றை அமைத்தார். 1902-இல் அவர் அமைத்த டெஸ்ஸார், நான்கே வில்லைகளைக் கொண்டு உலகப் புகழ் பெற்றது.

இதனுடன் மற்றொன்றையும் கூறவேண்டும். கார்ல் ஜெய்ஸ் மறைந்த பின்னர், அப்பே 1889-இல் ஓர் அறநிலையை ஏற்படுத்தி, நிறுவனத்தின் உரிமையை அதனிடம் ஒப்படைத்தார். தொழிலாளருக்கு ஊதியத்துடன் விடுமுறையும், முதுமையில் ஓய்வூதியமும் கிடைத்தன. 1900-இல் அங்கே எட்டு மணி நேர வேலை நாள் நடைமுறைக்கு வந்தது. வில்லைக்கு மெருகேற்றக் கற்றவர் அவ்வேலையை விட்டுச் செல்லாமல், அடுத்த தலைமுறைக்கும் கற்றுக்கொடுத்தார். கண்ணாடி, கணக்கு, கைத்திறன், சோதனை ஆகிய நான்கும் ஒரே ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும் தொலைவில் அமைந்தன. யேனாவின் புகழுக்குக் காரணம் இந்தக் கூட்டுறவே.

இனிச் சோதனைகளைக் காண்போம். டெஸ்ஸார் வில்லையைச் செய்யும் உரிமையை ஜெய்ஸ் நிறுவனம் பிற நாடுகளுக்கும் அளித்திருந்தது. லண்டனில் ராஸ், பாரிசில் கிராஸ், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பாஷ் அண்டு லாம் ஆகிய நிறுவனங்கள் அதனைச் செய்துவந்தன. அவை நற்பெயருடனே விற்றன. கணக்கும் கைத்திறனும் பயணம் செய்யக்கூடியவை என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் கண்ணாடி மட்டும் அவ்வளவு எளிதில் பயணம் செய்யவில்லை. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மன் கண்ணாடியின் வரவு நின்றது. பிரிட்டனும் அமெரிக்காவும் திகைத்தன. அமெரிக்கா போரில் இறங்கிய 1917-இல், வாஷிங்டனிலுள்ள கார்னகி நிலவியல்சார் இயற்பியல் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் ராச்செஸ்டர் ஆலைக்கே சென்று உலைகளின் அருகில் நின்று வேலை செய்தனர். பாறைகள் உருகி இறுகும் இயல்பை ஆராய்ந்தவர்களாதலின், கண்ணாடியின் இயல்பும் அவர்களுக்கு வசப்பட்டது. போர் முடிவதற்குள் தேவையான கண்ணாடி உள்நாட்டிலேயே கிடைக்கலாயிற்று. பல ஆண்டுகள் கைவராத வேலையை, முறையான அறிவு குறுகிய காலத்தில் முடித்துத் தந்தது.

இதனினும் கடுமையான சோதனை 1945-இல் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்கப் படை யேனாவைக் கைப்பற்றியது. உடன்படிக்கையின்படி அந்நகரம் சோவியத் படையிடம் ஒப்படைக்கப்படவேண்டும். அதற்கு முன்னர், ஜெய்ஸ் நிறுவனத்தின் தலைவர்களும் அறிஞர்களுமாக 84 பேரை அமெரிக்கர்கள் மேற்கு நோக்கி அழைத்துச் சென்றனர். அவர்களுள் பலர் 1946-இல் தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள ஓபர்கோகென் என்னும் சிற்றூரில் மீண்டும் தொழில் தொடங்கினர். அதே ஆண்டில் சோவியத் அரசு யேனா ஆலையின் இயந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றித் தன் நாட்டிற்குக் கொண்டு சென்றது. நூற்றுக்கணக்கான வல்லுநரும் குடும்பத்தோடு கொண்டுசெல்லப்பட்டு, சில ஆண்டுகள் அங்கே பணியாற்ற வேண்டியதாயிற்று. எஞ்சியோர் வெறுமையாகிவிட்ட கூடங்களில் யேனாவிலேயே தொழிலை மீண்டும் எழுப்பினர். இவ்வாறு ஒரு நிறுவனம் மூன்று கூறாகியது. அறிஞர்கள் ஓரிடம், இயந்திரங்கள் ஓரிடம், பட்டறைத் தொழிலாளரில் பெரும்பாலோர் ஓரிடம்.

விளைவு யாது? சோவியத் நாட்டில், ஜெய்ஸின் சோனார் என்னும் வில்லையை அடிப்படையாகக் கொண்டு, மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலை வில்லைகள் செய்தது. முதலில் ஜெர்மனியிலிருந்து வந்த கண்ணாடியே பயன்பட்டது. அது தீர்ந்தபோது, உள்நாட்டுக் கண்ணாடிக்கு ஏற்றவாறு கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று. நான் முன்னர் நினைவில் கொள்ளுமாறு கூறியது இதற்காகவே. ஜூபிடர் என்ற பெயரில் வெளிவந்த இவ்வில்லைகளுள் மிக நல்லவையும் உண்டு. ஆனால் ஒன்று போல் மற்றொன்று இராது என்பது பயன்படுத்துவோர் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. கணக்கில் குறையில்லை, சோதனையில் கண்டிப்புக் குறைந்தது.

ஓபர்கோகென்னிலோ, அதற்கு முன்னர்க் காமிரா வில்லைத் தொழிலே இருந்ததில்லை. எனினும், அறிவும் கண்டிப்பும் உடன் வந்தமையால் சில ஆண்டுகளிலேயே உலகத் தரமான வில்லைகள் அங்கிருந்து வெளிவந்தன. பழைய ஊரான யேனாவும் ஓய்ந்துவிடவில்லை. 1950-களில் அங்கே பிளெக்டகான் என்னும் அகலக் கோண வில்லையைப் படைத்தனர். கிழக்கு ஜெர்மனியின் பொருள் என்றமையால் மேற்கு நாடுகளில் பலர் அதனை இளக்காரமாகக் கருதினர். படம் எடுத்துப் பார்த்தவர்கள் அவ்வாறு கருதவில்லை.

இங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. 'ஜெய்ஸ்' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரு ஆலைகளும் பல நாடுகளில் வழக்காடின. 1971-இல் லண்டனில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மேற்கு ஜெர்மனி போன்ற நாடுகளில் கிழக்கத்தியார் தம் வில்லைகளில் நிறுவனத்தின் பெயரைப் பொறிக்க இயலவில்லை. 'யேனாவிலிருந்து' என்று ஊரின் பெயரை மட்டுமே பொறித்தனர். மேற்கத்தியாரிடம் நிறுவனத்தின் பெயர் இருந்தது, ஊர் இல்லை. ஊரால் தரம் என்போர் இவற்றுள் எதனை உண்மையான ஜெய்ஸ் வில்லை என்பர்? இரண்டும் நல்ல வில்லைகள் என்று கூறுவதைவிட வேறு வழியில்லை. ஜெர்மனி ஒன்றுபட்ட பின்னர், 1991-இல் இரு நிறுவனங்களும் இணைந்தன. அம்மாறுதலில் யேனாவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். காமிரா வில்லைத் தொழிலும் அங்கே நின்றுபோயிற்று. நுண்ணோக்கிகளும் மருத்துவக் கருவிகளும் அந்நகரில் தொடர்ந்து உருவாகின்றன. ஆயினும், காமிரா வில்லையைச் செய்யும் கைகள் கலைந்தபின், ஊரின் பெயர் மட்டும் தனித்து நின்று ஒரு வில்லையையும் செய்துவிடவில்லை.

ஜப்பானின் கதை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. நிப்பான் கோகாக்கு என்னும் நிறுவனம் 1917-இல் தோன்றியது. அதுவே இன்றைய நிக்கான். 1921-இல் எட்டு ஜெர்மன் வல்லுநர்கள் அங்கே சென்று பணியாற்றினர். அவர்களுள் ஹைன்ரிக் ஆக்ட் என்பவர் 1928 வரை தங்கிக் கற்பித்தார். அதன் பயன் பல ஆண்டுகள் உலகின் கண்ணில் படவில்லை. போருக்குப் பின் ஜப்பானியப் பொருள் என்றாலே மலிவான போலி என்று கருதியோர் பலர். 1950-இல் டோக்கியோவிலிருந்த அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன், நிக்கார் வில்லையில் எடுத்த படத்தைக் கண்டு வியந்து, அந்த ஆலைக்கே சென்று சோதித்துப் பார்த்தார். பின்னர்க் கொரியப் போரின் படங்களை அவ்வில்லைகளைக் கொண்டே எடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழ் இச்செய்தியை வெளியிட்டது. ஓர் ஊரைப் பற்றிய எண்ணம் மாறத் தொடங்கியது. ஆனால் ஜப்பானியர் இப்புகழை நம்பி இருந்துவிடவில்லை. ஏற்றுமதியாகும் காமிராக்களைச் சோதிப்பதற்காக 1954-இல் ஒரு தனி நிலையத்தை ஏற்படுத்தினர். 'தேறியது' என்னும் பொருளுடைய சிறிய பொன்னிற நீள்வட்டச் சீட்டு ஒட்டிய காமிராக்களைப் பழைய பெட்டிகளில் நேயர்களுள் சிலர் கண்டிருக்கலாம். ஜப்பானின் பெயரை உயர்த்தியதில் அச்சீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

பிற்காலத்தில் ஜெர்மானியரே ஜப்பானை நாடிச் சென்றனர். 1975-இல் ஜெய்ஸும் யாஷிகாவும் கூடி வெளியிட்ட காண்டாக்ஸ் காமிராவுக்கான வில்லைகளுள் சில, முதலில் மேற்கு ஜெர்மனியிலும் பின்னர் ஜப்பானிலும் செய்யப்பெற்றன. கணக்கு ஒன்று, சோதனைக்குரிய அளவும் ஒன்று. நான் தொடக்கத்தில் கூறிய விலை வேறுபாடு பெரும்பாலும் இவ்வில்லைகளைப் பற்றியதே. அதற்குச் சேகரிப்போரின் ஆசையே முதற்காரணம். லைகா காமிராவின் ஊராகிய வெட்ஸ்லரிலிருந்து லைட்ஸ் நிறுவனம் 1952-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து மிட்லண்ட் நகரில் ஒரு கிளையை அமைத்தது. கனடாப் பெயர் பொறித்ததை வேண்டா என்று தள்ளியோரும் இருந்தனர். ஆனால் அங்கே சென்று குடியேறிய வால்ட்டர் மாண்ட்லர், மங்கலான ஒளியிலும் படம் பிடிக்கவல்ல, 1976-இல் வெளிவந்த நாக்டிலக்ஸ் என்னும் அரிய வில்லையை அமைத்தார். கிளையில் பழுத்த கனியைத் தாய்மரம் பெருமையோடு ஏற்றுக்கொண்டது.

அவ்வாறாயின், தாய்லாந்திலும் சீனாவிலும் செய்தவற்றைப் பற்றி எழும் ஐயம் முழுவதும் வீண்தானா? இதனைச் சிறிது நிதானமாகப் பார்க்கவேண்டும். நிக்கான் நிறுவனம் 1990-இல் தாய்லாந்தின் அயுத்தயாவில் தன் ஆலையை நிறுவியது. ஊதியச் செலவு குறைவு என்பது இத்தகைய இடமாற்றங்களுக்கு முதற்காரணம். ஆகவே, எண்ணிக்கையில் மிகுந்தும் விலையில் குறைந்தும் இருக்கவேண்டிய வில்லைகளே முதலில் அங்கே அனுப்பப்படுகின்றன. அவற்றின் கூடு பிளாஸ்டிக்கால் ஆனது, அமைப்பும் எளியது. வாங்குபவர், 'தாய்லாந்தில் செய்ததால் இது எளியதாயிற்று' என்று கருதுகிறார். உண்மையில், எளிய விலைக்குரியதாக அமைத்ததனாலேயே அது தாய்லாந்தில் செய்யப்படுகிறது. காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக் கொள்வதால் விளையும் மயக்கம் இது. அதே வரைபடத்தை எந்த நாட்டுக்கு எடுத்துச் சென்றாலும் விலைக்குத் தக்க வில்லையே கிடைக்கும். 2011-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அயுத்தயா ஆலை மூழ்கியபோது, உலகின் பல நாடுகளிலும் காமிராக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இளக்காரமாக எண்ணிய ஊரின் கைகளை உலகம் எவ்வளவு நம்பியிருந்தது என்பதை அவ்வெள்ளம் காட்டிற்று.

எனினும், புதிய ஊருக்குத் தொழில் மாறும்போது தொடக்கத்தில் தரம் தளர்வதற்கு இடமுண்டு. கணக்கைக் காகிதத்தில் எழுதி ஒரு நாளில் அனுப்பிவிடலாம். இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றிச் சில வாரங்களில் சேர்க்கலாம். கண்ணாடியின் இரகசியத்தை வசப்படுத்த ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். கைப்பழக்கமும், தேறாததைத் துணிந்து ஒதுக்கும் பழக்கமும் ஊன்றுவதற்கு அதனினும் நெடுங்காலம் வேண்டும். இன்று இயந்திரங்கள் கணிப்பொறியின் ஆணைப்படி மெருகேற்றுவதால் இக்காலம் குறுகியிருக்கிறது, முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஊர் தரத்தைப் பாதிக்கிறது என்று கூறுவோரின் கூற்றில் உண்மை இந்த அளவே.

ஆகவே, காமிரா வாங்க விரும்பும் நேயர்கள் நாட்டின் பெயரை மட்டும் நம்பாமல், தம் கைக்கு வரும் அந்த ஒரு வில்லையைச் சோதித்தல் நலம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. நன்கு ஒளி விழும் சுவரில் செய்தித்தாளின் நான்கு தாள்களைப் பரப்பி ஒட்டுங்கள். காமிராவை முக்காலியில் நிறுத்தி, சுவருக்கு நேர் எதிராக, சாய்வின்றி வையுங்கள். வில்லையின் துவாரத்தை முழுவதும் திறந்து ஒரு படமும், பாதி மூடி ஒரு படமும் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே அளவில் சற்று மங்கியிருந்தால் அது அமைப்பின் இயல்பு. துவாரத்தைச் சிறிது மூடியதும் பெரும்பாலும் தெளிந்துவிடும். மூன்று மூலைகள் தெளிந்து ஒன்று மட்டும் மங்கியிருந்தால், முதலில் காமிரா நேராக நின்றதா என்று பார்த்து மீண்டும் ஒருமுறை எடுங்கள். மீண்டும் அதே மூலை மங்கினால், உள்ளே ஏதோ ஒரு வில்லை அச்சினின்று சாய்ந்துள்ளது. அதன்மேல் எந்த நாட்டின் பெயர் பொறித்திருந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேளுங்கள். நான்கு மூலைகளும் தேறினால், எங்கோ ஒரு தொலைநாட்டில் பெயர் தெரியாத ஒரு தொழிலாளி தம் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறார். அவருடைய ஊர் எதுவாயினும், அந்த வில்லையை மனநிறைவோடு வாங்கலாம்.